பிறழ்வு மட்டும் போதாது: புற்றுநோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்லுக்குள் என்ன நடக்கிறது, ஆய்வுக்கூடங்களில் சமீபத்தில் என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதைப் பற்றிய கேள்வி பதில்கள் இவை. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். அதற்குள் இந்தப் பக்கம் போகாது.

புற்றுநோய் என்பது ஒரே நோயா?

இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களுக்கு நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் அது. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது, கட்டுப்பாடு இல்லாமல் பிரிகிற, சாக வேண்டிய நேரத்தில் சாகாத, தன் இடத்தில் நிற்காமல் பக்கத்துத் திசுவுக்குள் நுழைகிற செல்கள். மற்றபடி லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயும் குடல் புற்றுநோயும் பிறக்கும் விதம் வேறு, போகும் போக்கு வேறு. இருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று ஒரே பெயரை எழுதியிருந்தாலும், உள்ளே கெட்டிருக்கும் மரபணு வேறாக இருந்தால் மருந்தும் வேறாகும். அதனால் "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று எங்காவது படித்தால், முதலில் கேட்க வேண்டியது "எந்தப் புற்றுநோய்க்கு?"

கட்டி என்றாலே புற்றுநோய்தானா?

இல்லை. வளர்ந்தாலும் தன் எல்லைக்குள்ளேயே இருக்கிற கட்டிகள் நிறைய உண்டு. ரத்தப் புற்றுநோயில் கட்டி என்று ஒன்று இல்லாமலே போகலாம்.

ஒரு நல்ல செல் எப்படிக் கெட்டுப்போகிறது?

நம் செல்களில் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு தொகுதி டி.என்.ஏ இருக்கிறது. ஒரு தொகுதிக்குச் சுமார் 300 கோடி எழுத்துகள். செல் பிரியும் ஒவ்வொரு முறையும் இது முழுவதையும் நகலெடுத்தாக வேண்டும். நகலெடுக்கும் புரதங்கள் மிகத் துல்லியமானவை, தவறுகளைத் திருத்தவும் தனிப் புரதங்கள் இருக்கின்றன. அப்படியும் சில தப்பிவிடும். புகையிலைப் புகை, வெயிலின் புற ஊதாக் கதிர், மது, சில வைரஸ்கள் எல்லாம் இந்தத் தவறுகள் பெருக வழி செய்கின்றன. இப்படி நிலைத்துவிட்ட மாற்றத்தைத்தான் பிறழ்வு என்கிறோம்.

பெரும்பாலான பிறழ்வுகளால் ஒன்றும் ஆகாது. எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துதான் ஆபத்து. செல்லைப் பிரியச் சொல்லும் மரபணுக்களில் விழுந்தால், அந்த உத்தரவு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். 1982-இல் மனிதச் சிறுநீர்ப்பைக் கட்டி ஒன்றிலிருந்து எடுத்த ராஸ் மரபணுவை ஆராய்ந்தபோது, நல்ல மரபணுவுக்கும் அதற்கும் இருந்த முக்கியமான வித்தியாசம் ஒரே ஒரு எழுத்து. அதனால் புரதத்தின் 12-ஆவது இடத்தில் கிளைசீன் போய் வேலீன் வந்திருந்தது. வேலை முடிந்ததும் அணைந்துவிட வேண்டிய அந்தப் புரதம், அணையாமல் நின்றுவிட்டது.

செல் பிரிவதைத் தடுக்கிற மரபணுக்களில் கதை வேறு. அவற்றில் ஒரு நகல் கெட்டாலும் இன்னொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும், இரண்டும் போனால்தான் சிக்கல். இதை 1971-இல் சொன்னவர் ஆல்ஃபிரட் நட்சன். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோய் வந்த குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளைத்தான் அவர் வைத்திருந்தார். பரம்பரையாக வந்தவர்களுக்குச் சின்ன வயதிலேயே, பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வந்தது. மற்றவர்களுக்குச் சற்றுத் தாமதமாக, ஒரு கண்ணில். முதல் கூட்டத்தார் ஒரு கெட்ட நகலோடு பிறந்திருக்கிறார்கள், இன்னும் ஒரு அடி விழுந்தால் போதும். மற்றவர்களுக்கு இரண்டு அடியும் பிறந்த பிறகே விழ வேண்டும் என்று கணக்குப் போட்டார். அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தது 1986-இல்தான். அதாவது கண்ணால் பார்ப்பதற்கு 15 ஆண்டு முன்பே, வெறும் கணக்கை வைத்து அது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லியிருந்தார்!

பி53 என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

1979-இல் கண்டுபிடித்த புரதம். டி.என்.ஏவில் சேதம் ஏற்பட்டால் செல் பிரிவதை நிறுத்தி வைக்கும். சேதம் சரிசெய்ய முடியாத அளவுக்குப் போனால் செல்லைத் தானாகவே சாகச் செய்யும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இது கெட்டிருக்கிறது.

யானைக்கு நம்மைவிட எத்தனையோ மடங்கு செல்கள், ஆயுளும் ஏறக்குறைய நம் அளவுக்கு நீளம். கணக்குப்படி அவற்றுக்கு நம்மைவிட அதிகமாகப் புற்றுநோய் வர வேண்டும். ஆனால் குறைவாகவே வருகிறது. 2015-இல் ஒரு காரணம் தெரியவந்தது. பி53-ஐத் தயாரிக்கும் மரபணு நமக்கு ஒரு தொகுதிக்கு ஒன்றே ஒன்று, யானைக்கு 20 இருக்கிறது. எல்லா நகலும் முழுமையானவை அல்ல. ஆனாலும் யானைச் செல்கள் சேதம் கண்டவுடன் நம் செல்களைவிடச் சீக்கிரமாகச் செத்துப்போகின்றன.

பிறழ்வு வந்துவிட்டால் புற்றுநோய் வந்தே தீருமா?

இங்கேதான் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நம் புரிதல் அதிகமாக மாறியிருக்கிறது. பள்ளிப் பாடங்களுக்கு இந்த மாற்றம் இன்னும் வந்து சேரவில்லை என்பது என் எண்ணம்.

2015-இல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவன ஆய்வாளர்கள் கண்ணிமை அறுவை சிகிச்சையில் நீக்கிய தோலை எடுத்து மரபணுக்களைப் படித்தார்கள். நோய் இல்லாத, சாதாரணத் தோல். அதில் புற்றுநோயோடு தொடர்புடைய பிறழ்வுகள் மலிந்திருந்தன. 2018-இல் உணவுக்குழாயைப் பார்த்தபோது இன்னும் விசித்திரம். நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு, நலமான உணவுக்குழாயின் உள்பரப்பில் பெரும்பகுதியையே பிறழ்வு கொண்ட செல்கள் பிடித்திருந்தன. அதில் அதிகம் தெரிந்த, நாட்ச்1 என்ற மரபணுவின் பிறழ்வு, உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இருப்பதைவிட நலமான திசுவில்தான் கூடுதலாக இருந்தது. அப்படியென்றால் அந்தப் பிறழ்வு கட்டியை உண்டாக்குகிறது என்று சொல்வதா, மற்ற ஆபத்தான செல்களைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று சொல்வதா? எலிகளில் நடந்த சோதனைகள் இரண்டாவது பக்கம்தான் கை காட்டுகின்றன.

ஆக, நம்மில் பலர் கெட்ட மரபணு உள்ள செல்களைச் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறோம். அவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் ஆவதில்லை. பிறழ்ந்த செல் தலையெடுக்க வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள திசு அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

இந்த எண்ணம் திடீரென்று முளைத்ததில்லை. பெய்ட்டன் ரௌஸ் 1911-இல் ஒரு கோழிக் கட்டியை அரைத்து, செல்கள் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை இன்னொரு கோழிக்குச் செலுத்தினார், கட்டி வந்தது. வைரஸால் புற்றுநோய் வரும் என்பதற்கு அது பெரிய சான்று. அதற்கு நோபல் பரிசு வந்தது 1966-இல், அவருக்கு 87 வயதானபோது. 1980களில் மினா பிசெல் குழுவினர் அதே வைரஸைக் கோழிக் கருவுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். வைரஸ் செல்லுக்குள் நுழைந்தது, அதன் புற்றுநோய் மரபணு வேலையும் செய்தது, ஆனால் கட்டி வரவில்லை. அதே செல்களைப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தால் புற்றுநோய்ச் செல்போல நடந்துகொண்டன. வளர்ந்த கோழியில் ஒரு சிறகில் ஊசி போட்டு, மற்றொரு சிறகில் காயம் உண்டாக்கினால், காயம் பட்ட இடத்திலும் கட்டி வந்தது. அப்போது இதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் குறைவு. மரபணு வேட்டைதான் அன்றைய சூடான விஷயம்.

அப்படியானால் காற்று மாசு என்ன செய்கிறது?

மேலே சொன்னதற்கு நல்ல உதாரணம் இதுதான். புகைபிடிக்காதவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது. மாசுக் காற்றின் நுண்துகள்கள் டி.என்.ஏவை நேரடியாகச் சிதைப்பதால் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். லண்டனில் சார்ல்ஸ் ஸ்வான்டன் குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியைக் காட்டியது. 295 பேரின் நலமான நுரையீரல் திசுவில், செல்லைப் பிரியச் சொல்லும் ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற மரபணுவின் புற்றுநோய்ப் பிறழ்வு 18 சதவீத மாதிரிகளிலும், ராஸ் குடும்பத்தைச் சேர்ந்த கேராஸ் மரபணுவின் பிறழ்வு 53 சதவீத மாதிரிகளிலும் ஏற்கெனவே இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் செல்கள் அவை. நுண்துகள் உள்ளே போனதும் நோயெதிர்ப்பு செல்கள் ஐ.எல்-1பீட்டா என்ற புரதத்தை வெளியிட்டு அழற்சியை உண்டாக்குகின்றன. அந்த அழற்சிதான் இவற்றைத் தட்டி எழுப்புகிறது. அந்தப் பிறழ்வு கொண்ட எலிகளுக்கு, ஐ.எல்-1பீட்டாவைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது கட்டிகள் குறைந்தன.

இதற்கு முன்பே ஒரு தடயம் கிடைத்திருந்தது. அதே புரதத்தைத் தடுக்கும் கனாகினுமாப் என்ற மருந்தை, மாரடைப்பு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதய நோய்க்காகச் சோதித்தார்கள். 2017-இல் முடிவு வந்தபோது, மருந்து எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வந்திருந்தது. சரி, அப்படியானால் இதையே சிகிச்சையாகக் கொடுக்கலாமே என்று முயன்றார்கள். ஏற்கெனவே நோய் முற்றியவர்களிடம் பலன் தெரியவில்லை. எழுவதைத் தடுப்பதும், எழுந்த பிறகு அடக்குவதும் வேறு வேறு வேலைகள் போலும்.

புற்றுநோய் பரம்பரையாக வருமா?

சில வரும். மொத்தப் புற்றுநோய்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் வரை, பெற்றோரிடமிருந்து வந்த வலுவான பிறழ்வால் நேர்பவை. பி.ஆர்.சி.ஏ1 என்ற மரபணுவில் பிறழ்வோடு பிறந்த பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம். அதிகம்தான், ஆனாலும் 100 இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். குடும்பத்தில் பலருக்கு, அதுவும் 50 வயதுக்குள், ஒரே மாதிரிப் புற்றுநோய் வந்திருந்தால் மரபணு ஆலோசனை கேட்பது நல்லது. தாத்தாவுக்கு 85 வயதில் வந்தது என்பதற்காகப் பேரன் பயப்பட வேண்டியதில்லை.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுமா?

தொற்றாது. கூடச் சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். இன்னொருவர் செல் நம் உடம்புக்குள் வந்தால் நோயெதிர்ப்பு ஆற்றல் அதை அழித்துவிடும். விலங்குகளில் விதிவிலக்கு உண்டு. டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்குகள் சண்டையில் ஒன்றையொன்று கடிக்கும்போது முகக் கட்டியின் செல்களே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய் வளர்கின்றன.

தொற்றுவது சில கிருமிகள்தான். ஹெச்.பி.வி வைரஸ் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும், ஹெபடைடிஸ் பி கல்லீரல் புற்றுநோய்க்கும், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணமாகின்றன. ஹெச்.பி.வியின் இரண்டு புரதங்கள் போய்த் தாக்குவது எவற்றை என்று நினைக்கிறீர்கள்? பி53-ஐயும், நட்சன் கணக்குப் போட்ட அந்த ரெட்டினோபிளாஸ்டோமா புரதத்தையும்தான். ஹெச்.பி.விக்குத் தடுப்பூசி 2006-இலேயே வந்துவிட்டது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் அதைப் போட்டுக்கொண்ட பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்ததாக 2021-இல் வந்த ஆய்வு காட்டியது. என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் சொல்லும் எல்லா நவீன மருந்துகளையும்விடப் பெரிய சாதனை இதுதான்.

சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வேகமாக வளருமா?

பல புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அதிகமாக உறிஞ்சும் என்பது உண்மை. 1920களிலேயே ஓட்டோ வார்பர்க் கவனித்த விஷயம் அது; பெட் ஸ்கேன் எடுப்பதும் இதை வைத்துத்தான். ஆனால் நாம் சர்க்கரையை விட்டுவிட்டால் கட்டி பட்டினி கிடக்காது. ரத்தத்தில் குளுக்கோஸ் அளவை உடம்பு எப்படியும் காப்பாற்றிக்கொள்ளும், தேவையானால் கல்லீரலே தயாரித்துக் கொடுக்கும். உடல் பருமனைக் கூட்டும் அளவுக்கு இனிப்பு சாப்பிடுவது ஆபத்துதான், அது வேறு வழியில். சிகிச்சையில் இருப்பவர் சாப்பாட்டைக் குறைத்து எடை இழப்பதுதான் உடனடித் தீங்கு.

பயாப்சி (சோதிக்கத் திசு எடுப்பது) செய்தால், கத்தி வைத்தால் பரவிவிடும் என்கிறார்களே?

ஊசி போன பாதையில் செல்கள் ஒட்டிக்கொள்வது சில வகைக் கட்டிகளில் மிக அரிதாக நடந்திருக்கிறது. அந்த வகைகளில் மருத்துவர்கள் முன்னெச்சரிக்கையாகவே இருப்பார்கள். திசுவை எடுத்துப் பார்க்காமல் இது என்ன வகை என்று தெரியாது. வகை தெரியாமல் சரியான மருந்து கிடையாது. இந்தப் பயத்தால் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதில் இருக்கும் ஆபத்தோடு ஒப்பிட்டால், ஊசியின் ஆபத்து ஒன்றுமே இல்லை.

அப்படியானால் உண்மையில் எப்படிப் பரவுகிறது?

கட்டியிலிருந்து செல்கள் பிரிந்து ரத்தத்திலோ நிணநீரிலோ கலந்து வேறு உறுப்புக்குப் போகின்றன. புற்றுநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் இறப்பது இதனால்தான். ஆனால் செல்லின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது மிகக் கடினமான பயணம். எலிகளில் செய்த சோதனைகளில், ரத்தத்தில் விட்ட ஆயிரம் செல்களில் ஒன்றுகூட புதுக் கட்டியாக வளரவில்லை. 1889-இல் ஸ்டீபன் பேஜட் என்ற லண்டன் மருத்துவர் மார்பகப் புற்றுநோயால் இறந்த நூற்றுக்கணக்கான பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, செல் என்பது விதை, எல்லாத் திக்கிலும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். கட்டியிலிருந்து வரும் வேதிச் சைகைகள், செல்கள் போய்ச் சேரும் முன்பே தூரத்து உறுப்பைத் தயார்ப்படுத்துகின்றன என்று இப்போது தெரிகிறது. சில செல்கள் போன இடத்தில் ஆண்டுக்கணக்கில் உறங்கவும் செய்கின்றன. மார்பகப் புற்றுநோய் சிலருக்குப் பத்து, இருபது ஆண்டு கழித்துத் திரும்புவது இதனால்தான்.

உடம்பின் எதிர்ப்பு ஆற்றல் இதைப் பார்த்துக்கொண்டு சும்மாவா இருக்கிறது?

பலவற்றை அழித்துவிடுகிறது. தப்பித்தவைதான் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. டி-செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் அளவுக்கு மீறி நம் திசுவையே தாக்கிவிடாமல் இருக்க, அவற்றின் மேல் சி.டி.எல்.ஏ-4, பி.டி-1 என்ற நிறுத்துவிசைகள் உண்டு. கட்டிகள் அவற்றை அழுத்தி டி-செல்லை அடக்கி வைக்கின்றன. அந்த விசையை மறைத்துவிட்டால்? ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் தனித்தனியாக இந்த வழியைத் திறந்தார்கள். முதல் மருந்து 2011-இல் வந்தது, இருவருக்கும் நோபல் 2018-இல். முற்றிய மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் முன்பு மாதக்கணக்கில்தான் ஆயுள். இப்போது ஒரு பகுதியினர் பத்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். 2022-இல் நியூயார்க்கில் மலக்குடல் புற்றுநோய் இருந்த 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மட்டும் கொடுத்தார்கள். அறுவையோ கதிர்வீச்சோ இல்லாமலே 12 பேரின் கட்டியும் மறைந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் டி.என்.ஏ திருத்தும் அமைப்பு பழுதான ஒரு தனி வகையினர். அந்த நிபந்தனையை விட்டுவிட்டுத்தான் செய்தி உலகம் சுற்றி வந்தது.

இன்னொரு வழி கார்-டி. நோயாளியின் டி-செல்களை வெளியே எடுத்து, புற்றுநோய் செல்லை அடையாளம் காணும் ஏற்பியை அவற்றில் பொருத்தி, திரும்பச் செலுத்துவது. 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2010-இல் இதைப் பெற்ற இரண்டு லுக்கேமியா நோயாளிகளின் உடலில் பத்து ஆண்டு கழித்தும் அந்தச் செல்கள் உயிரோடு இருந்தன. ரத்தப் புற்றுநோய்களில் பிரமாதம். திடக் கட்டிகளில் இன்னும் திணறல்தான். அங்கேயும் கட்டியைச் சுற்றியுள்ள சூழல்தான் இந்தச் செல்களை உள்ளே விடுவதில்லை.

குறிவைத்துத் தாக்கும் மருந்துகள் கொடுத்தும் நோய் ஏன் திரும்புகிறது?

முதலில் வெற்றிக் கதை. நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியாவில் 9, 22 ஆகிய குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதை 1973-இல் ஜேனட் ரௌலி கண்டறிந்தார். அதனால் உருவாகும் கலப்புப் புரதத்தை அடைக்கும் இமாட்டினிப் 2001-இல் வந்தது. இன்று பலர் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறக்குறைய முழு ஆயுளும் வாழ்கிறார்கள். கேராஸ் கதை நீண்டது. மருந்து போய் ஒட்டப் பள்ளமே இல்லாத வழவழப்பான புரதம் என்று கைவிட்டிருந்தார்கள். 2013-இல் கெவன் ஷோகட் குழு அதன் ஒரு பிறழ்ந்த வடிவத்தில் பள்ளம் ஒன்றைக் கண்டுபிடித்தது, 2021-இல் சோடோராசிப் மருந்தாக வந்தது.

திரும்பி வருவதற்குக் காரணம் பரிணாமம். ஒரு சென்டிமீட்டர் கட்டியிலேயே பல கோடி செல்கள், எல்லாம் ஒரே மாதிரி இல்லை. மருந்து லட்சத்தில் ஒன்றை விட்டுவைத்தாலும் அதுவே பெருகிப் புதுக் கட்டியாகும். இதை 1976-லேயே பீட்டர் நோவெல் எழுதிவிட்டார். அவர் சொன்னதைக் கண்ணால் பார்க்கும் வசதி இப்போதுதான் வந்திருக்கிறது. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே எடுத்து எந்த மரபணு இயங்குகிறது என்று படிக்க முடிகிறது, கட்டியின் எந்த மூலையில் எந்த வகைச் செல் இருக்கிறது என்று வரைபடமே போட முடிகிறது.

ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாமா?

சாகும் புற்றுநோய் செல்கள் தங்கள் டி.என்.ஏ துணுக்குகளை ரத்தத்தில் விடுகின்றன. சிகிச்சை முடிந்தவருக்கு நோய் திரும்புகிறதா என்று பார்க்க இது நன்றாக உதவுகிறது, சில சமயம் ஸ்கேனில் தெரியும் முன்பே காட்டிக்கொடுக்கிறது. நலமாக இருப்பவருக்கு எல்லாப் புற்றுநோயையும் ஒரே சோதனையில் பார்ப்பதாகச் சொல்வது வேறு. ஆரம்ப நிலைக் கட்டிகள் விடும் துணுக்குகள் மிகக் குறைவு, அதனால் நிறையத் தவறிப்போகும். மாமோகிராம் போன்ற நிறுவப்பட்ட சோதனைகளுக்கு இது மாற்று இல்லை.

புற்றுநோய்க்கு எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசி வந்துவிட்டதா?

நோய் வராமல் தடுக்கும் ஊசி அல்ல அது. கட்டியை நீக்கிய பிறகு, அதன் பிறழ்வுகளைப் படித்து, அந்த ஒருவருக்காகவே தயாரிக்கும் ஊசி. மெலனோமா நோயாளிகள் 157 பேரிடம் நடந்த சோதனையில், பி.டி-1 விசையை மறைக்கும் மருந்தோடு இதையும் சேர்த்தபோது நோய் திரும்புவதோ இறப்போ நேரும் அபாயம் 44 சதவீதம் குறைந்தது. 157 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அடுத்தகட்டப் பெரிய சோதனைகளும் தொடங்கிவிட்டன.

எலியில் புற்றுநோய் முழுதாகக் குணமானது என்று செய்தி வருகிறதே, நம்பலாமா?

செய்தி உண்மையாகவே இருக்கும். எலியில் குணமாவது அவ்வளவு அதிசயம் இல்லை, அவ்வளவுதான். மனிதர்களிடம் சோதனை தொடங்கும் புற்றுநோய் மருந்துகளிலேயே பத்தில் ஒன்றுகூட ஒப்புதல்வரை வருவதில்லை. எலியோடு நின்றுபோனவை அதற்கும் மேலே. 1998-இல் கட்டிக்குப் புது ரத்தக் குழாய்கள் வளராமல் தடுத்து எலிகளின் கட்டியைக் கரைத்த எண்டோஸ்டாட்டின் பற்றி உலகமே பேசியது. மனிதர்களிடம் அது ஏமாற்றியது. ஆனால் ரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கலாம் என்று ஜூடா ஃபோக்மன் 1971-இல் சொன்ன யோசனை தோற்றுவிடவில்லை. அந்த வழியில் வந்த பெவாசிசுமாப் 2004-இல் ஒப்புதல் பெற்றது. பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோயில், கீமோவோடு அதைச் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாகக் கூடியது. எலிச் செய்தியில் கட்டியே காணாமல் போகும். மனிதரிடம் வந்து சேரும்போது அது பெரும்பாலும் இந்த மாதிரி அளவில்தான் இருக்கும். அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வந்தால் மூன்று விவரங்களை அதில் தேடுங்கள்: எலியா மனிதரா, எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள்.